இருபதும் இருபத்தொன்றும்

தோற்றதைக் கொண்டாட மைதானத்துக்குள் இறங்கிக் கோல் கம்பத்தைப் பிடுங்கினோம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஜெயித்தால் பிடுங்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. தோற்றதற்கு எதற்குப் பிடுங்க வேண்டும்?

"சாதனை இல்லையா? தொடர்ந்து இருபத்தொன்பது தோல்வி. பெரிய அணிகளில் அதுவரை யாரும் அவ்வளவு தோற்றதில்லை" என்றார். ஏதோ கோப்பை வாங்கியதைச் சொல்வதுபோல இருந்தது குரல்.

சிகாகோவுக்கு வடக்கே எவன்ஸ்டன் என்ற ஊரில் சில வருடங்கள் குடியிருந்தேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். நான் அங்கே படித்தவன் இல்லை, வேலைக்குப் போனவன். வீடு சென்ட்ரல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் காலையிலேயே ஊதா நிறச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலிலிருந்து இறங்கி ஸ்டேடியம் பக்கம் போவார்கள். காய்கறி வாங்கக் கிளம்பிய நான் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். இந்த விளையாட்டோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

சாதனைக் கதை சொன்னவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். 1979இல் நார்த்வெஸ்டர்னில் சேர்ந்து நான்கு வருடம் படித்தவர். அணியில் ஆடியவர் அல்ல, பல்கலைக்கழக பேண்டில் டிராம்போன் வாசித்தவர். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் மாணவர்கள் எழுந்து போய்விடலாம். பேண்டுக்காரன் போக முடியாது. மழையோ பனியோ, நம் பக்கம் பூஜ்யமோ, கடைசி விசில் வரை சீருடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அந்தத் தோல்விகளை ஒன்று விடாமல் பார்த்த சிலரில் தானும் ஒருவன் என்பார். என் பெயரின் பின்பாதி அவர் வாயில் நுழையாது. முன்பாதியோடு நிறுத்திக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளைகளில் தவணை முறையில் கதை சொன்னார். மீதியை நானே தேடிப் படித்தேன். நான்கைந்து வருடத்தில் அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்பந்து என்று பெயர் இருந்தாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நூறு கஜ நீள மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்றால், நான்காவதில் பந்தை ஓங்கி உதைத்து எதிராளியிடமே கொடுத்துவிடுவார்கள். அப்படி உதைப்பவனுக்குப் பெயர் பண்ட்டர். இந்தப் பண்ட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இது வெறும் கல்லூரி விளையாட்டு இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருவார்கள். அந்த மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், விஸ்கான்சின், பர்டியூ எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் பிக் டென். அப்போது பெயருக்கு ஏற்றபடி பத்துப் பல்கலைக்கழகங்கள். அதில் ஒன்பது, மாநில அரசுகளின் பிரம்மாண்டமான பல்கலைக்கழகங்கள். பத்தாவது நார்த்வெஸ்டர்ன், அந்தக் கூட்டத்தில் ஒரே தனியார். மாணவர் எண்ணிக்கை மற்றவர்களுடையதில் சிறு பங்குதான், சேருவதற்கான மதிப்பெண்ணோ அவர்களைவிட அதிகம். முப்பதாயிரம் பேரிலிருந்து அணி பொறுக்குகிறவனோடு ஏழாயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற இடம் மோத வேண்டும். விளையாட்டுக்காகவே வருகிற பையன்களும், ஒரு லட்சம் பேர் கத்துகிற ஊரை விட்டுவிட்டு, வகுப்பில் கசக்கிப் பிழிகிற ஊருக்கு வரத் தயங்குவார்கள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் இதே கணக்கு 1962இலும் இருந்தது. அந்த வருடம் ஆரா பார்சீகியன் பயிற்சியில் இதே அணி சீசன் நடுவே நாட்டின் முதலிடத்தில் இருந்தது. 1970இல் பிக் டென்னில் இரண்டாவது இடம். ஆகவே, படிப்பாளிப் பள்ளிக்கூடம் அப்படித்தான் தோற்கும் என்ற சமாதானத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அதைத் தோற்கிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்.

எவன்ஸ்டனைப் பற்றி இன்னொன்று. மெதடிஸ்டுகள் உருவாக்கிய ஊர். மதுவிலக்குக்காகப் போராடிய அமெரிக்கப் பெண்கள் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான். உணவகங்களில் மது பரிமாறவே 1972இல்தான் அனுமதி கிடைத்தது. அணியின் சரிவும் ஏறக்குறைய அதே வருடம்தான் தொடங்கியது. இரண்டையும் முடிச்சுப் போட நான் யார், சும்மா சொன்னேன்.

1976இலிருந்து 1981 வரை ஆறு சீசன், 66 ஆட்டம். வெற்றி 3, தோல்வி 62, சமன் 1. அந்த ஒரு சமனும் 1978இல் இல்லினாயோடு 0–0. யாருமே ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டம்தான் அந்த வருடத்தின் சிறந்த முடிவு.

1978இல் பயிற்சியாளராக வந்தவர் ரிக் வெஞ்சூரி. இதே பல்கலைக்கழகத்துக்காக ஆடிய பழைய மாணவர். வயது 32. சொந்த வீட்டைத் தூக்கி நிறுத்த வந்த பிள்ளை மாதிரி வந்திருப்பார். மூன்று வருடத்தில் அவர் கணக்கு 1 வெற்றி, 31 தோல்வி, 1 சமன். அந்த ஒரே வெற்றி 1979 செப்டம்பர் 15, வயோமிங் அணியோடு, 27–22. அன்று யாருக்கும் அது முக்கியமான தேதியாகத் தெரிந்திருக்காது. அடுத்த வெற்றிக்கு மூன்று வருடம் ஆகும் என்று அன்று இரவு யார் நினைத்திருப்பார்கள்? வெஞ்சூரி பிற்பாடு தொழில்முறை அணிகளில் பல வருடம் துணைப் பயிற்சியாளராக மதிப்போடு வேலை பார்த்தார். அங்கேயும் இரண்டு முறை, தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டு மீதி சீசனை இவர் தலையில் கட்டினார்கள். ஒன்றில் 1 வெற்றி 10 தோல்வி, இன்னொன்றில் 1 வெற்றி 7 தோல்வி. சிலருக்கு வேலையே முங்குகிற படகில்தான் கிடைக்கும் போல.

1979இன் மீதி ஒன்பது ஆட்டமும் தோல்வி. 1980இல் பதினொன்றும் தோல்வி. அந்தக் காலத்தில்தான் அந்தப் பிரபலமான கிண்டல் பிறந்தது. சிகாகோ வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலையின் பெயர் இன்டர்ஸ்டேட் 94. அந்தப் பலகைக்குக் கீழே யாரோ "நார்த்வெஸ்டர்ன் 0" என்று சேர்த்துவிட்டார்கள். இன்டர்ஸ்டேட் 94, நார்த்வெஸ்டர்ன் 0. நெடுஞ்சாலையிடம் தோற்ற அணி. எனக்குத் தெரிந்து ஸ்கோர் வடிவத்தில் இதைவிடக் கச்சிதமான நக்கல் கிடையாது. சென்னை ஆட்டோவின் முதுகில்கூட நான் பார்த்ததில்லை.

வெஞ்சூரியை அனுப்பிவிட்டு, 1981க்கு டென்னிஸ் கிரீனைக் கொண்டுவந்தார்கள். இவருக்கும் வயது 32. பிக் டென் வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். நாடு முழுவதும் பெரிய பிரிவு அணிகளை எடுத்துக்கொண்டாலே இவருக்கு முன்னால் ஒரே ஒருவர்தான். இதைப் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான். ஆனால் எந்தக் கதவு திறந்தது என்று பாருங்கள். இருபது ஆட்டம் வரிசையாகத் தோற்ற அணி, எவனும் எட்டிப்பார்க்காத நாற்காலி. வேறு யாருக்கும் வேண்டாதபோதுதான் அது அவர் பக்கம் நகர்ந்தது.

1981 சீசனை என்னால் இப்போது மனப்பாடமாகச் சொல்ல முடியும். முதல் ஆட்டம் இந்தியானாவோடு. அதைப் பிறகு சொல்கிறேன். அப்புறம் ஆர்கன்சாவிடம் 7–38. யூட்டாவிடம் 0–42. ஐயோவாவிடம் 0–64. மின்னசோட்டாவிடம் 23–35, அந்த வருடம் அதிகபட்சமாக எடுத்த புள்ளி அதுதான். பிறகு பர்டியூ 35, மிச்சிகன் 38, விஸ்கான்சின் 52, மூன்றிலும் நம் பக்கம் முட்டை. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 14–61. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 6–70. கடைசியில் பக்கத்து இல்லினாயிடம் 12–49. கூட்டிப் பார்த்தால் எடுத்தது 82, கொடுத்தது 505. பதினொரு ஆட்டத்தில் ஐந்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

நம் அணி புள்ளி எடுத்தால் பேண்டு எழுந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். டிராம்போன்காரர் சொன்னார்: அந்த வருடம் அந்தப் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசித்துத் தள்ளினார்களாம். அக்டோபர் குளிரில் வாத்தியத்தின் பித்தளை உதட்டில் ஒட்டும். எதிரணி ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் அவர்கள் பேண்டு எழுந்து வாசிக்கும். "எதிராளிகளின் பாட்டு எல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியும். எங்கள் பாட்டுதான் மறந்துவிடும் போல இருந்தது."

ஐயோவாவிடம் வாங்கிய 64 எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. காரணம், அந்த ஐயோவாவும் அதுவரை ஏறக்குறைய இருபது வருடம் உருப்படியான சீசன் ஒன்றைப் பார்க்காத அணி. 1961க்குப் பிறகு அவர்கள் தோல்வியைவிட வெற்றி அதிகமாகப் பெற்ற முதல் வருடம் அதுதான். அதே வருடம், சீசன் முடிந்து நடக்கும் ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டம் வரை போனார்கள். இருபது வருடம் வாங்கிய அடியை ஒரு மத்தியானத்தில் யாரிடமாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பக்கத்தில் இருந்தவன் இளைத்தவன்.

இந்த அணியில் ஆட்டம் தெரிந்தவன் எவனுமே இல்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தபோது அது தப்பு என்று தெரிந்தது. கிறிஸ் ஹின்டன் என்று ஒருவர் 1979இல் சேர்ந்து அத்தனை தோல்வியையும் உள்ளிருந்து பார்த்தவர். 1983இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே நான்காவதாக எடுக்கப்பட்டவர் அவர். முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜான் எல்வே, அமெரிக்காவில் இன்றைக்கும் கொண்டாடப்படுகிற பெயர். எல்வே தன்னை எடுத்த அணிக்கு ஆடமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரை விட்டுக்கொடுக்க அந்த அணி வாங்கிக்கொண்ட விலையில் முக்கியமான பங்கு இந்த ஹின்டன். பிறகு ஏழு முறை நட்சத்திர ஆட்டக்காரர்கள் வரிசையில் இடம்பிடித்தார். எல்வேயைக் கொடுத்து வாங்குகிற அளவுக்கு மதிப்புள்ள ஆள், இவர்களோடுதான் சனிக்கிழமைதோறும் 0–52 தோற்றுக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் ஜான் கிட். பண்ட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அவர்தான். மூன்று வாய்ப்பும் வீணாகி நான்காவதில் பந்தை உதைத்துக் கொடுக்கிற வேலை. இந்த அணியில் அவருக்குக் கிடைத்த பயிற்சி நாட்டில் வேறு எந்தப் பண்ட்டருக்கும் கிடைத்திருக்காது. 1984இல் பஃபலோ பில்ஸ் அவரை எடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் பதினைந்து வருடம் நிலைத்தார். ஒருவரின் ஏழரை நாட்டுச்சனி இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம்.

சரி, அந்த நவம்பர் 7க்கு வருவோம்.

தொடர் தோல்வியில் அதுவரை இருந்த சாதனை 28. 1940களில் கன்சாஸ் ஸ்டேட்டும், 1958இலிருந்து 61 வரை வர்ஜீனியாவும் அந்த எண்ணிக்கையில் சமமாக நின்றிருந்தார்கள். 1981 நவம்பர் 7, சனிக்கிழமை மிச்சிகன் ஸ்டேட் எவன்ஸ்டனுக்கு வந்தது. 61–14. இருபத்தொன்பது. கடைசி விசில் ஊதியதும் மாணவர்கள் மைதானத்துக்குள் கொட்டினார்கள். "எங்களைவிட மோசம் எவனுமில்லை" என்று கோஷம். கோல் கம்பத்தை ஆட்டி ஆட்டிச் சாய்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வழக்கமான இன்னொரு கோஷமும் உண்டு. எதிரணி முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது பாடுவார்கள்: பரவாயில்லை, பரவாயில்லை, நாளைக்கு எங்களிடம்தானே வேலைக்கு வரப்போகிறீர்கள்.

இரண்டாவது கோஷத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கசந்தது. தோல்வி எங்கே வேடிக்கையாகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கிற வரி அது. வேறிடத்தில் ஜெயித்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தவனுக்கு இந்த மைதானத்தில் தோற்பது ஒரு பொழுதுபோக்கு. சம்பளம், பதவி, ஏரிக்கரை வீடு எல்லாம் வரிசையில் நிற்கும்போது 61–14 என்ன செய்துவிடும்? ஆனால் அந்த அறுபத்தொன்றையும் உடம்பில் வாங்கியவன் கோஷம் போட்டவன் இல்லை.

இதை இவ்வளவு கறாராக எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இருக்கிறது. கூடவே குற்றமும் இருக்கிறது.

நான் பொறியியல் படித்த கல்லூரியில் வாலிபால் அணியில் இருந்தேன். ஆள் பற்றாக்குறையால் இருந்தேன் என்பதுதான் சரி. ஜோனல் போட்டிக்கு மூன்று வருடம் போனோம், மூன்று வருடமும் முதல் சுற்றிலேயே திரும்பினோம். மூன்றாவது வருடம் 15–3, 15–2. டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தால் ஹாஸ்டல் வாசலில் மெஸ் தட்டுகளைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஐம்பது பேர். தினசரித் தாளைக் கிழித்துக் கோத்த மாலை. ஆளுக்கொன்று போட்டு, தோளில் தூக்கி ஹாஸ்டலைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள். நான் தோளில் உட்கார்ந்து கையை ஆட்டினேன். குஷியாகத்தான் இருந்தது. எங்கள் லிஃப்டர் மட்டும் மாலையைக் கழற்றி மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மாடி ஏறிப் போனான். நிஜமாகவே ஆடத் தெரிந்தவன் எங்களில் அவன் ஒருவன்தான். ஒழுங்காகத் தூக்கிக் கொடுத்த அத்தனை பந்தையும் நான் வலையில் அடித்திருந்தேன். மறுநாள் காலையில் கோர்ட்டில் பந்து பிளேடால் கிழிபட்டுக் கிடந்தது. யார் கிழித்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பந்துக் காசை ஏழு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம்.

டிராம்போன்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நவம்பர் 7ஐப் பற்றி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். கம்பம் சாயும்போது பேண்டு உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்ததாம். மைதானத்து மூலையில் வீரர்கள் உள்ளே போகிற வழி. சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடினார்களாம். ஆட்டம் முடிந்தவுடன் முதலில் கழற்றுவது அதைத்தான். "அப்போது அது என் கண்ணில் பட்டது. ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை" என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 6–70. அந்த இடைப்பட்ட வாரத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. 29 தோற்றாகிவிட்டது, சாதனையும் சொந்தமாகிவிட்டது, உன் சொந்தக் கல்லூரியே உன் தோல்விக்குக் கம்பத்தைச் சாய்த்துக் கொண்டாடிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டங்களைத் திரையில் ஓடவிட்டு, எவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று குறிப்பெடுக்க வேண்டும். எழுபது வாங்கப்போகிறோம் என்று தெரியாவிட்டாலும் ஐம்பதாவது வாங்குவோம் என்று தெரிந்திருக்கும். போனார்கள். ஒருவரும் அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

1982இல் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. எண்ணிக்கை 34 ஆனது. பெரிய பிரிவில் அது இன்றைக்கும் உடையவில்லை. அதற்குக் கீழ்ப் பிரிவுகளில் கொலம்பியா 44 தோற்றது, பிரெய்ரி வியூ 80 தோற்றது. எண்பதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நான்காவது ஆட்டம் செப்டம்பர் 25, நார்தர்ன் இல்லினாயோடு. 31–6. இந்த முறை முப்பத்தொன்று நம்முடையது. கம்பம் மறுபடி சாய்ந்தது. ஆனால் இந்த முறை அதோடு நிற்கவில்லை. பிடுங்கியதைத் தூக்கிக்கொண்டு எவன்ஸ்டன் தெருக்கள் வழியாகக் கிழக்கே நடந்து மிச்சிகன் ஏரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிள்ளையாரைக் கரைப்பது மாதிரியே இருக்கிறது என்று நான் சொல்ல, பிள்ளையார் யார், ஏன் கரைக்கிறீர்கள் என்று விளக்குவதிலேயே அன்றைய சாப்பாட்டு நேரம் போய்விட்டது. வருடாவருடம் செய்வோம் என்றேன். "எங்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை" என்றார்.

அந்த சீசனில் மேலும் இரண்டு வெற்றி, மின்னசோட்டாவையும் மிச்சிகன் ஸ்டேட்டையும். ஆம், 61–14 மிச்சிகன் ஸ்டேட்டைத்தான், 28–24. முதலாம் ஆண்டு மாணவர் சாண்டி ஷ்வாப் என்பவர் பந்தெறிபவராக வந்து, மிச்சிகனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71 முறை எறிந்து 45ஐச் சேர்ப்பித்தார். அதுவும் தோற்ற ஆட்டம்தான். 3 வெற்றி, 8 தோல்வி. அதற்கு டென்னிஸ் கிரீனுக்கு பிக் டென்னின் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்தார்கள். விருதுகள் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இதற்கு உண்டு.

இந்தக் கதையை எழுதுகிற எல்லோரும் இங்கிருந்து ஒரே தாவாக 1995க்குப் போய்விடுவார்கள். கேரி பார்னெட் வந்தார், 1971க்குப் பிறகு முதல் நல்ல சீசன், நோட்ர் டேமை 17–15க்கு அடித்தார்கள், பிக் டென்னில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 1949க்குப் பிறகு முதல் முறையாக ரோஸ் பவுல். எல்லாம் நிஜம், நல்ல கதை. ஆனால் 1981இல் ஆடியவன் பட்டதை 1995இல் வேறொருவன் வந்து ஈடுகட்டிவிட்டான் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. 1981 வீரர்களுக்கு அப்போது வயது முப்பதுக்கு மேல். அவர்கள் முழங்கால் வலி அவர்களோடுதான் இருந்திருக்கும்.

நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. 2024இல் அந்தப் பழைய ஸ்டேடியத்தை இடித்தார்கள். புதிதாகக் கட்டும்வரை அந்த வருடத்துச் சில ஆட்டங்களை ஏரிக்கரையில் தற்காலிக மைதானம் அமைத்து ஆடினார்கள். படத்தில் பார்த்தேன், ஒரு பக்கம் கம்பம், அதற்குப் பின்னால் நீலமாக ஏரி. கம்பத்தைத் தூக்கிக்கொண்டு இப்போது ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை என்று டிராம்போன்காரருக்குச் செய்தி அனுப்பினேன். ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு சிரிப்புப் படம் பதிலாக வந்தது.

அப்புறம்தான் அந்த முதல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. 1981 சீசனின் தொடக்கம், இந்தியானாவோடு. டென்னிஸ் கிரீனின் முதல் ஆட்டம். அதற்கு முன்பு தொடர் தோல்வி 20. 1979இல் ஒன்பது, 1980இல் பதினொன்று. இந்த ஆட்டத்தின் ஸ்கோர் 20–21. ஒரு புள்ளியில் தோல்வி, இருபத்தொன்றாவது.

ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஜெயித்திருந்தால் தொடர் இருபதோடு அறுந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த வருடத்தில் பத்து, அடுத்த வருடத்தில் மூன்று, சேர்த்துப் பதின்மூன்று. இருபது ஒரு துண்டு, பதின்மூன்று ஒரு துண்டு. எதுவும் சாதனை இல்லை. நவம்பர் 7 இல்லை, கம்பம் சாயாது, "எங்களைவிட மோசம் எவனுமில்லை" என்று கத்த எவனுக்கும் வாய்ப்பில்லை. கன்சாஸ் ஸ்டேட்டும் வர்ஜீனியாவும் இன்னும் அந்த 28ஐச் சுமந்துகொண்டிருந்திருக்கும். கணக்கைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன், பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டவனைப் போல.

பதில் வர ஒரு நாள் ஆயிற்று.

"தெரியும். பேண்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ராத்திரி மட்டும் ஒருத்தரும் ஜோக் அடிக்கவில்லை."